பூம் முனையில் இறுகிப்போன எஸ்.எஸ். போல்ட்: கழன்ற விதம்

பாய்மரப் படகின் அலுமினிய பூமில் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக் கம்பம்) கூஸ்நெக்கைப் (பூமைப் பாய்மரக் கம்பத்தோடு சேர்க்கும் மூட்டு) பிடித்திருக்கும் 8 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆலன் போல்ட் அசையவே இல்லை. தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி. உப்புநீரில் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அந்தப் பொடி உப்பி மரையை அடைத்துவிடும்.

டபிள்யூடி-40, பிறகு அசிட்டோனும் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்த கலவை. பலனில்லை. ஆலன் கீயில் நீளக் குழாய் மாட்டியபோது போல்ட் கழலாமல் முறுக ஆரம்பித்தது. உடனே நிறுத்தினேன், எஸ்.எஸ். முறிந்தால் டிரில் போடுவது பெரும்பாடு.

பூமின் முனை மூடியைக் கழற்றி டார்ச் அடித்ததும் விஷயம் தெரிந்தது. போல்ட்டின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது, அடியில் கல்லாய் இறுகிய வெள்ளைப் படிவம். தலைப்பக்கம் ஊற்றியதெல்லாம் வாஷரைத் தாண்டவே இல்லை. படிவத்தைச் சுரண்டி, நுனி மேலே பார்க்கும்படி பூமைக் கவிழ்த்து, உள்ளிருந்து எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன்.

காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு (அசிட்டோன் ஈரம் இருந்தால் தீப்பிடிக்கும்) ஹீட் கன்னை போல்ட்டில் காட்டாமல் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்டினேன். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடேறினால் அலுமினியம் சுமார் 23 மைக்ரான் விரியும். போல்ட்டின் 316 ரக எஃகு 16தான், அதனால் பிடி தளரும். சூட்டோடு இம்பாக்ட் டிரைவரில் (அடித்தால் திருகும் கைக்கருவி) சுத்தியலடி, முதலில் இறுக்கும் பக்கம். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பி முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன்.

மாட்டும்போது மரையில் டெஃப்-ஜெல் (அரிப்பைத் தடுக்கும் பசை), தலைக்கடியில் நைலான் வாஷர்.