விகானில் தங்கப் போகிறீர்களா? ‘நோ மீட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

பிலிப்பைன்ஸில், தலைநகர் மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீட்டரில், இலோகோஸ் சுர் மாகாணத்தின் தலைநகரம் விகான். 1572-இல் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே சீன வணிகர்கள் வந்து போய்க்கொண்டிருந்த ஊர். 1999-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் கால வணிகக் குடும்பங்களின் வீடுகளில் பல இன்று ஹோட்டல்கள். மணிலா ஹோட்டலை மனதில் வைத்துக்கொண்டு யாரோ வாழ்ந்த வீட்டுக்குள் நுழைவதுதான் சிக்கல். முக்கால்வாசித் தவறுகள் அதிலிருந்தே வருகின்றன.

அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து பதிவு செய்துவிட்டு, எந்த மாடி என்று கேட்காமல் விடுகிறோம். இந்த வீடுகளில் கீழ்த்தளம் குதிரை வண்டி நிறுத்தவும் சரக்கு வைக்கவும் கட்டியது. கனமான செங்கல் சுவர், வெளிச்சம் குறைவு. வெயிலுக்குச் சுகம், மழைக்காலத்தில் ஈரவாடை. குடும்பம் இருந்தது மாடியில். மரத்தளம், கண்ணாடிக்குப் பதில் கபீஸ் சிப்பி பதித்த தள்ளு ஜன்னல்கள். அழகுதான். ஆனால் பக்கத்து அறைக்காரர் ராத்திரி எழுந்து நடந்தால் ஒவ்வொரு அடியும் கேட்கும். பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மணிலாவிலிருந்து கிளம்பும் இரவுப் பேருந்து உங்களை விடியுமுன்பே இறக்கிவிடும். அறை கிடைப்பதோ மதியம் 2 மணிக்கு மேல். பலர் வரவேற்பறை நாற்காலியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கழிக்கிறார்கள். பையை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் கிரிசோலோகோ தெருவைக் கூட்டமில்லாமல் பார்க்க விடியும் அந்த ஒரு மணி நேரம்தான் வாய்ப்பு. காலை உணவுக் கடைகளில் சினாங்லாவ் கொதித்துக்கொண்டிருக்கும்: குடலும் ஈரலும் போட்டு, பித்தநீரின் கசப்பும் பிலிம்பிக்காயின் புளிப்புமாக ஒரு சூப். குடல் குழம்புப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். ஒன்று மட்டும்: அது மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் கிண்ணம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்ததில் நானே மாட்டினேன். தங்கிய இடத்தில் “நோ மீட்” என்று இரண்டு முறை சொல்லி, பினாக்பெட் கேட்டேன். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் சுருங்கும்வரை வேகவைக்கும் கறி. இதைவிட சைவம் வேண்டுமா என்ன? வந்த தட்டில் காய்க்கு மேல் பொரித்த பன்றித் துண்டுகள் கிரீடம் மாதிரி உட்கார்ந்திருந்தன. திருப்பி அனுப்பினேன். துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு அதே தட்டைக் கொண்டுவந்தார்கள். சரி, அதுவும் இல்லாமல் இருந்தாலும் குழம்பின் உப்பே பகோங்தான். மீனை உப்பில் ஊறவைத்து நொதிக்கவிட்டு எடுப்பது. அங்குள்ளவர்களுக்கு அது மீனில்லை, உப்பு. ஆகவே வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்று சொல்வதில் பயனில்லை. எது வேண்டாமோ அதைப் பெயர் சொல்லி, அந்த ஊர் மொழியான இலோகானோவில் சொல்லுங்கள்: “அவான் தி கார்னே, அவான் தி புக்குஓங்.” கறியும் வேண்டாம், பகோங்கும் வேண்டாம். அதையும் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். காலையில் சமையல் முடிந்த பிறகு சொன்னால் முட்டையும் பூண்டுச் சோறும்தான்.

கீரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. இலோகானோவில் முருங்கைக்குப் பெயர் மருங்கை. கேட்டதும் காது நிமிரும். இலை, பூ, காய் மூன்றையும் சமைக்கிறார்கள். ஆனால் அந்தக் குழம்பிலும் பகோங் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அசைவக்காரர்கள் செய்யும் தவறு வேறு. மூன்று வேளையும் ஹோட்டலிலேயே முடித்துக்கொள்வார்கள். பக்னெத்தை, அதாவது வேகவைத்து, பொரித்து, ஆறவிட்டு மறுபடி பொரித்த பன்றி வயிற்றுக்கறியை, வெறுமனே கடித்துவிட்டு “எண்ணெய்” என்பார்கள். அதற்குத் துணை கேபிஎல்: கமாதிஸ், பகோங், லசோனா. தக்காளி, மீன் உப்பு, சின்ன வெங்காயம். (முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் தொடங்கிய கட்சிக்கும் இதே மூன்றெழுத்துதான், அவரும் இலோகோஸ்காரர்.) பன்றிக்கறி சாசேஜான விகான் லொங்கனிசாவை இனிப்பாக எதிர்பார்ப்பதும் அப்படித்தான். மற்ற ஊர்களில் இனிப்பு உண்டு. இங்கே பூண்டும் கரும்பு வினிகரும்.

எம்பனாதாவை வாங்கி அறைக்கு எடுத்துப்போவதை மட்டும் மன்னிக்கவே முடியாது. புர்கோஸ் சதுக்கத்துக் கடைகளில் நின்று பாருங்கள். அரிசிமாவு உருண்டையை மெல்லிய வட்டமாக அழுத்தி, துருவிய பப்பாளிக்காயைக் குவித்து, நடுவில் குழி பறித்து ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மடித்து, ஓரத்தை நறுக்கி, எண்ணெயில் நழுவவிடுகிறார்கள். எடுத்த சூட்டில் நுனியைக் கடித்து, அந்த ஓட்டை வழியாக வினிகரை ஊற்றி, நின்றபடியே தின்ன வேண்டும். அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும். வழக்கமாக உள்ளே வைக்கும் லொங்கனிசாவைப் போடாமலும் கேட்கலாம்; பொரிப்பது அதே சட்டியில்தான்.

புனித வாரத்தில் போவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். பெரிய வியாழன், வெள்ளிகளில் சில சாப்பாட்டுக் கடைகள் மூடிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல் காலம்.

அப்புறம், கிளம்பும்போது வினிகர் புட்டியைத் துணிக்கு நடுவே சுருட்டி வைக்காதீர்கள். அதன் மூடி சும்மா பேருக்குத்தான். என் வெள்ளைச் சட்டை மூன்று சலவைக்கு ஊறுகாய் வாசம் வீசியது.