முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைச் சரிசெய்யும் முறை

மலைச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் ஃபோர்க்கை, அதனுள் இருக்கும் காற்றழுத்தத்திலிருந்தே சரிசெய்யத் தொடங்க வேண்டும். அது பிழையாக இருந்தால் மற்றத் திருகுகளைத் திருப்பிப் பயனில்லை. தலைக்கவசம், தண்ணீர்ப் பை என வழக்கமாகச் சுமக்கும் அனைத்துடனும் பெடல்களின் மேல் நின்று, ஃபோர்க் குழாயிலுள்ள ரப்பர் வளையத்தை ஒருவரைக் கொண்டு கீழே சீல் (குழாய் உள்ளே நுழையும் இடத்திலுள்ள அடைப்பு) வரை தள்ளச் செய்து, குலுக்காமல் இறங்கியபின், வளையத்துக்கும் சீலுக்கும் இடையிலான தூரத்தை அளக்கவும். 140 மில்லிமீட்டர் அசைவுள்ள ஃபோர்க்கில் 28 மில்லிமீட்டர், அதாவது 20 விழுக்காடு, நல்ல தொடக்கம். கூடுதலாக அமிழ்ந்தால் சஸ்பென்ஷன் பம்பால் காற்றேற்றவும். டயர் பம்ப் இதற்கு உதவாது.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமிழ்ந்த ஃபோர்க் மீண்டும் எழும் வேகம். கைப்பிடியை அழுத்தி விட்டதும் முன்சக்கரம் துள்ளினால் மீட்சியை மெதுவாக்கவும். தொடர் மேடுகளில் ஃபோர்க் எழாமல் தாழ்ந்துகொண்டே போனால் வேகப்படுத்தவும். ஒரு தடவைக்கு ஒரு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பதையே நான் வலியுறுத்துவேன். ஃபோர்க் அமிழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகை முழுதும் திறந்து வைத்து, பிரேக் பிடிக்கும்போது முன்புறம் மிகவும் அமிழ்ந்தால் மட்டும் சற்று இறுக்கவும்.