மாலையில் தளரும் செயற்கைக்கால்: அப்பாவுக்கு நாங்கள் செய்த சின்ன மாற்றம்

சர்க்கரை நோயால் அப்பாவுக்கு 71 வயதில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக்கால் காலையில் கச்சிதமாக இருக்கும், மாலையானால் லொடலொடவென்று ஆடும், மீதிக்காலின் நுனி உள்ளே இடித்து வலிக்கும், அதனாலேயே டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்; எனக்கு அதுதான் தாங்கவில்லை. கால் செய்துகொடுத்தவரிடம் கேட்டபோதுதான் புரிந்தது, நாள் போகப் போக மீதிக்கால் கொஞ்சம் சுருங்கும், அது உள்ளே உட்காரும் கிண்ணம் போன்ற சாக்கெட் சுருங்காதே! இப்போது பையில், மீதிக்காலின் மேல் மாட்டும் மெல்லிய உறை ஒன்று எப்போதும் இருக்கிறது. தளர்ந்ததும் உட்கார்ந்து காலைக் கழற்றி, சுருக்கம் விழாமல் கூடுதலாக ஒன்றை மாட்டிக்கொள்வார். அப்புறம், உறையைத் தினமும் துவைக்கிறோம். இரவில் கைக்கண்ணாடி வைத்து மீதிக்காலைப் பார்ப்பேன், சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் மறுநாள் கால் மாட்டவே விடமாட்டேன், நேரே காட்டிவிடுவோம். நேற்று இருட்டிய பிறகுதான் டீக்கடையிலிருந்து வந்தார்.