வலிக்காத புண்: சர்க்கரை நோயாளியின் காலுக்கு நாம் செய்யும் தவறுகள்

மாமாவின் காலில் புண் இருப்பதைக் கண்டுபிடித்தவர் மாமா இல்லை, அத்தை. ஹாலின் வெள்ளை டைல்ஸில் ஓர் அடி விட்டு ஓர் அடி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஈரத் திட்டு. டீ சிந்தியிருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் துடைத்திருக்கிறார். மூன்றாம் நாள் திட்டுகள் போகும் வழியே போய்ப் பார்த்தால், அவை மாமாவின் நாற்காலியடியில் போய் நின்றன. வலது காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே மேடான இடத்தில் ஒரு குழி. செருப்பைத் திருப்பினால், அட்டைப்பெட்டியில் அடித்து வரும் பின் ஒன்று ரப்பரைத் துளைத்து மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை மிதித்தபடியே மளிகைக் கடையில் எத்தனை நாள் நின்றார் என்பது அவருக்கே தெரியவில்லை. "வலிக்கவே இல்லையேம்மா" என்றார்.

எல்லாத் தவறும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வலி இல்லை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவரின் காலில் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். பாதத்தில் ஒரு குழி விழுந்திருக்கிறது, அதை ஊன்றி நடக்கவும் முடிகிறது என்றால், அங்கே நரம்பு செத்திருக்கிறது என்று பொருள். மதமதப்பு, எரிச்சல், பஞ்சுமேல் நடப்பதுபோன்ற உணர்வு, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடப்பது, இதெல்லாம் பலருக்கு அதற்கு முன்பே வந்திருக்கும். "இப்போ சுகர் நார்மல்தான்" என்று சொல்லி இதை ஒதுக்கிவிடக் கூடாது. போன நரம்பு, இந்த மாத ரிப்போர்ட்டைப் பார்த்துத் திரும்பி வருவதில்லை.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். அவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. சதையில் கோளாறு இல்லை. வலி தெரியாததால், அடிபட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி அடிபடுகிறது. நாம் ஒரு கல்லை மிதித்தால் அடுத்த அடியிலேயே காலைச் சற்றுச் சாய்த்து வைப்போம். உணர்வற்ற கால் அதே இடத்தைப் பல்லாயிரம் முறை மிதிக்கும். பிராண்ட் 1960களில் அமெரிக்காவின் லூயிசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இதே கதைதான் நடக்கிறது என்று கண்டார். தொழுநோய்ப் புண்ணுக்குப் போட்ட மாவுக்கட்டு அப்படித்தான் சர்க்கரைப் புண்ணுக்கும் வந்தது.

ஆறாத புண்ணுக்கு எதைப் போடலாம் என்று தேடுவதிலேயே நம் நேரமெல்லாம் போய்விடுகிறது. எந்தக் களிம்பு, எந்தப் பவுடர், எந்த ஊரில் எந்த இலை. பாதத்துக்கு அடியில் இருக்கும் புண்ணுக்கு, மேலே என்ன போடுகிறோம் என்பதைவிட, அதன்மேல் உடம்பின் பாரம் விழுகிறதா என்பதுதான் முக்கியம். 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 63 பேரை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பாதத்தோடு ஒட்டிப் படியும் மாவுக்கட்டு சிலருக்கு, கழற்றி மாட்டக்கூடிய பூட் சிலருக்கு, முன்பாதி இல்லாத செருப்பு சிலருக்கு. 12 வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறிவிட்டது. பூட் போட்டவர்களில் 65, செருப்பில் 58. பூட்டும் பாரத்தை நன்றாகவே குறைக்கும். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 2003இல் வந்த இன்னோர் ஆய்வில் விடை கிடைத்தது. கழற்றக்கூடிய பூட்டைக் கொடுத்தால், மொத்த நடமாட்டத்தில் 28 சதவீத நேரமே நோயாளிகள் அதைப் போட்டிருந்தார்கள். மாவுக்கட்டின் பலமே அதைக் கழற்ற முடியாது என்பதுதான். ரத்த ஓட்டம் போதாத காலுக்கும் கிருமி ஏறிய புண்ணுக்கும் இந்தக் கட்டு எல்லா நேரமும் பொருந்தாது. அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆனால் "பாரத்தைக் குறைக்க என்ன வழி?" என்று நாம் கேட்டாக வேண்டும். தினமும் டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டு, அதே காலை ஊன்றி பஸ் ஏறி வந்து போகும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வருஷம் போகிறது, புண் போகவில்லை. மனசு வலிக்கிறது.

இதையொட்டிய இன்னொரு தவறு நம் பழக்கத்திலேயே ஊறிக் கிடக்கிறது. வெளியே போகும்போது நல்ல செருப்பு, வீட்டுக்குள் வெறுங்கால். நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரத்யேகமாகச் செய்துகொடுத்த காலணியை நோயாளிகள் வெளியே நடந்த அடிகளில் 87 சதவீதத்துக்குப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் 61 சதவீதத்துக்குத்தான். அவர்கள் நடந்ததும் வீட்டுக்குள்தான் அதிகம். வாசலிலேயே செருப்பை விடும் நம் வீடுகளில் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசல் தாண்டாத தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்று வைத்துக்கொள்வதில் எந்தத் தீட்டும் இல்லை. மாமாவுக்கு எம்.சி.ஆர் செருப்பில் இரண்டு ஜோடி வாங்கினோம். இந்த நுண்துளை ரப்பர் செருப்பும் தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்ததுதான். வாங்கும்போது குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு வேண்டாம். அது இடுக்கிலேயே புண் உண்டாக்கும், காலில் நிற்கவும் நிற்காது. போடும் முன் ஒவ்வொரு தடவையும் செருப்பைத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உச்சி வெயிலில் கோயில் பிராகாரம் சுற்ற வேண்டாம். சாக்ஸ் போட்டாலும் கருங்கல் சூடு உள்ளே இறங்கும், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையிலோ அந்தி சாய்ந்தோ போகலாமே.

காலை வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பது அடுத்தது. இதமாக இருக்கும் என்று அன்போடு செய்கிறோம். உணர்வில்லாத கால் கொதிக்கிற தண்ணீரையும் வெதுவெதுப்பு என்றுதான் சொல்லும். தோல் ஊறினால் விரல் இடுக்கு வெடித்து, சேற்றுப்புண் வழியாகக் கிருமி உள்ளே போகும். கழுவுங்கள், ஊறவைக்காதீர்கள். கழுவியதும் விரல் இடுக்குகளை ஒற்றித் துடையுங்கள். பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்குகளில் மட்டும் வேண்டாம்.

கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் மிக ஆபத்து. அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது அமிலம். ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. அதற்காகக் காய்ப்பை அப்படியே விட்டுவிடவும் கூடாது. காய்ப்பு இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் அதிகம் என்று பொருள். அதற்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. பயிற்சி பெற்றவர் அதைச் சீவி எடுத்தாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறக்குறையக் கால் பங்கு குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

"மூடி வைக்காதே, காத்தாட விடு, காஞ்சா ஆறிடும்" என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். 1962இலேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் தோல் வளரத் தடுமாறுகிறது. அதனால்தான் புண்ணின் தன்மைக்கேற்ற டிரெஸ்ஸிங்கால் மூடுகிறார்கள். (ரத்த ஓட்டம் நின்று கறுத்துக் காய்ந்த விரல் வேறு கணக்கு, அதை ஈரமாக்கக் கூடாது.) மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, நுரை பொங்கும் மருந்து எதுவும் வேண்டாம். பொடி அப்பிய புண்ணின் ஆழம் மருத்துவருக்கே தெரியாது. முதலில் அதைக் கழுவி எடுக்கவே அரைமணி போகும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். கிருமித் தொற்று இல்லாத புண்ணை அது ஆற்றாது என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. தொற்று இருந்தால், அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எலும்பைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துத்தான் மாத்திரையா ஊசியா, எத்தனை வாரம் என்று முடிவு செய்வார்கள்.

புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கி இருந்தால் சுளுக்கு என்று தைலம் தேய்த்து நீவ வேண்டாம். உணர்வற்ற பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்கோட் பாதமாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடச் சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

ஆறியதும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுவதை நாங்களும் செய்தோம். மாமாவின் புண் ஆறி எட்டாவது மாதம், அதே இடத்தில் மறுபடி வந்தது. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ளும், 65 சதவீதம் பேருக்கு ஐந்து வருஷத்துக்குள்ளும் மீண்டும் வருகிறது என்பது எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது அத்தை தினமும் இரவு, சீரியல் முடிந்ததும், செல்போன் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்கிறார். புறங்கையால் தொட்டு ஒரு காலைவிட இன்னொரு கால் சுடுகிறதா என்றும் பார்க்கிறார். ஆய்வுகளில் இதையே கருவி வைத்துச் செய்தார்கள். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடையைக் குறைத்து உடனே மருத்துவரிடம் வரச் சொன்னார்கள். தனியாக இருப்பவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் இரண்டு செருப்பையும் கழற்றிக் காட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, கறுக்கும் விரல் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பலருக்கு வருவதே இல்லை. விரலையோ காலையோ எடுக்க வேண்டும் என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் "ரத்த ஓட்டம் பார்த்துவிட்டீர்களா, அடைப்பு இருந்தால் திறக்க முடியுமா?" என்று கேளுங்கள். எங்கள் மாமாவுக்கு இரண்டாம் முறை புண் வந்தபோது விரலை எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். அத்தை இந்தக் கேள்வியைக் கேட்டார். அதன் பிறகுதான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.