பினாங்குப் பாலத்தில் கோபத்தைக் குறைத்த கணக்கு

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது மற்ற ஓட்டுநர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். பாலம் 13.5 கிலோமீட்டர். மணிக்கு 80-இல் போனால் சுமார் 10 நிமிடம். 100-இல் பறந்தாலும் மிச்சம் 2 நிமிடம்தான். இது உறைத்ததும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது.

மீதியைத் தீர்த்தது இடைவெளி. முன் கார் விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணிய பிறகே நம் கார் அங்கே வரவேண்டும். 80-இல் இந்த இரண்டு நொடி ஏறக்குறைய 44 மீட்டர், மழையில் இரட்டிப்பு. நடுவில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும்! ஆக்சிலரேட்டரில் காலைத் தளர்த்தி மறுபடி எண்ணுங்கள்.

பின்னால் ஒட்டி லைட் அடிப்பவருக்குச் சிக்னல் போட்டு இடப்பக்கம் ஒதுங்குகிறேன். பிரேக் தட்டிப் பயமுறுத்தினால் இடி நமக்குத்தான். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் ஒட்டும் 'பி' ஸ்டிக்கர் உள்ள வண்டிக்கு ஹாரன் வேண்டாம், புதுப் பிள்ளை இன்னும் தடுமாறும். இறங்கி வந்து கத்துகிறவரா? கண்ணாடியை இறக்காமல், கதவைப் பூட்டி அவசர எண் 999-ஐ அழையுங்கள்.