கால் ரத்தக்குழாய் ஆபரேஷனா? எந்த மயக்கம் என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள்

கால் ரத்தக்குழாய் அடைத்துப் பைபாஸுக்கு (அடைப்பைத் தாண்டி ரத்தம் ஓட மாற்றுப் பாதை போடும் ஆபரேஷன்) வருகிறவர்களில் நிறையப் பேர் பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்கள். குழாயைக் கெடுத்த அதே புகை நுரையீரலையும் சும்மா விட்டிருக்காது. அதனால்தான் காலுக்கு ரத்தம் நன்றாக ஓட ஆரம்பித்த பிறகும் சளி கட்டி, நிமோனியா வந்து, சிலர் ஐசியுவில் படுக்கிறார்கள். எந்த மயக்கம் கொடுக்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

முழு மயக்கம் என்றால் பெரும்பாலும் தொண்டையில் குழாய் போட்டு, தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் மூச்சு ஓடவைப்பார்கள். அப்போது நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்றறைகள் கொஞ்சம் சுருங்கிப்போகும், பத்தில் ஒன்பது பேருக்கு ஓரளவாவது இது நடக்கும். நல்ல நுரையீரல் தானாகவே விரிந்துகொள்ளும். ஏற்கெனவே இளைப்பு இருப்பவருக்குச் சளி அங்கேயே தேங்கும், இருமித் துப்பவும் தெம்பு இருக்காது, கிருமிக்கு அதுவே போதும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தால் (ஸ்பைனல் அல்லது எபிடியூரல்) நோயாளி தன் மூச்சைத் தானே விடுகிறார். காலில் செய்யும் பைபாஸ்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு, முதுகு ஊசி போட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்ததைக் கண்டது. ஆனால் உயிரிழப்பிலும் மாரடைப்பிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, முதுகு ஊசி என்றாலே பயமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரல் மோசமாக இருப்பவருக்கு அதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கும்போதே இன்னொன்றும் சொல்லுங்கள்: மூச்சு வாங்குவதால் மல்லாந்து படுக்கவே முடியாது என்றால், மணிக்கணக்கில் அப்படிப் படுக்கவைத்துச் செய்வது கஷ்டம். அதற்காகத் தூக்க மருந்தை அதிகம் கொடுத்தால் முதுகு ஊசியால் கிடைத்த லாபமும் போய்விடும்.

பல குடும்பங்கள் கோட்டைவிடுவது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை விஷயத்தில். குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கு முதுகு ஊசி போட, பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுத்தண்டுக்குள் ரத்தம் கட்டி, நரம்பை அழுத்தி, இரண்டு காலும் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகளில் குறைந்த அளவுக்கு 12 மணி நேரம், அதிக அளவுக்கு 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். தயவுசெய்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிருக்கே ஆபத்து. எல்லா மாத்திரைகளையும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, ஃபிட்னஸ் பார்க்கும் நாளிலேயே மயக்க டாக்டரிடம் கொடுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் சொன்னால் முதுகு ஊசிக்கு வழியே இல்லாமல் போகும்.

முதுகு ஊசி முடியாது என்றால் சிறிய ஆபரேஷனுக்கு வேறு வழி கேளுங்கள். கால்விரலை எடுப்பதற்குக் கணுக்காலை மட்டும் மரக்கவைத்தால் போதும். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைப்பது) போடுகிறவர்களுக்குக் கையை மட்டும் மரக்கவைப்பார்கள். அந்த ஊசியைக் கழுத்தருகே போட்டால் உதரவிதானத்தை (மூச்சுக்கு உதவும், நெஞ்சுக்குக் கீழுள்ள தசை) இயக்கும் நரம்பும் சேர்ந்து மரத்து, ஒரு பக்கத்து மூச்சு குறைந்துவிடலாம். இளைப்பு இருப்பதைச் சொன்னால் அக்குளில் போட முடியுமா என்று பார்ப்பார்கள்.

வயிற்றைத் திறந்து பெருந்தமனியில் செய்வதற்கு முழு மயக்கம்தான். அதோடு வலிக்கு எபிடியூரலும் (முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடுவது) வைப்பீர்களா என்று கேளுங்கள். வலி அடங்கினால்தான் இரும முடியும், வென்டிலேட்டரில் இருந்தும் சீக்கிரம் வெளியே வரலாம். முழு மயக்கம் எதுவானாலும், தசைத் தளர்ச்சி முழுசாக நீங்கியதைக் கருவியில் பார்த்துவிட்டுத்தானே குழாயை எடுப்பீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

மயக்கம் எதுவாக இருந்தாலும் புகையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரமாவது கிடைத்தால் நுரையீரலுக்கு நல்லது, ஒரு நாள் நிறுத்தினாலும் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும். கடந்த ஒரு மாதத்தில் சளிக் காய்ச்சல் வந்திருந்தால் மறைக்காதீர்கள், அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் தள்ளிப்போடுவார்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு 96க்குக் கீழே இருந்தாலும் சொல்லுங்கள். இன்ஹேலரை ஆபரேஷன் அன்று காலையிலும் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போடச் சொல்வார்கள்.

மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியை முன்பே வாங்கி, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிப் பழகவைத்துவிடுங்கள். ஊதக் கூடாது, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். வலியும் மயக்கக் கலக்கமுமாக இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. ஆபரேஷன் முடிந்து வந்ததும் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்தாற்போல் வைக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை கருவியை இழுத்து இருமச் சொல்லுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, சளி மஞ்சளாக மாறினாலோ, ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.