ஊட்டிக் குளிரில் எபாக்ஸியை இறுக வைப்பது எப்படி?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் எபாக்ஸி (ரெசினையும் ஹார்டனரையும் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றினால், மறுநாளும் விரல் வைத்த இடம் பிசுபிசுவென்று ஒட்டும். கலவை அளவைச் சந்தேகப்படும் முன் வெப்பமானியைப் பாருங்கள். டப்பாவில் போட்டிருக்கும் '24 மணி நேரம்' பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டிய கணக்கு. 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் பிடிக்கும், ராத்திரி 5 டிகிரிக்கு வந்துவிட்டால் சாதாரண ஹார்டனர் பாதியிலேயே நின்றுவிடும். கொட்டகை முழுவதையும் சூடாக்கினால் கரண்ட் பில் கட்டி மாளாது. பொருளைச் சுற்றி மட்டும் சூடு இருந்தால் போதும்.

மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 60 வாட் குண்டு பல்பு இரண்டு. எல்இடி இதற்கு உதவாது, அதில் வரும் சூடு போதாது. ஒரே 100 வாட் பல்பைவிட இரண்டு சின்னதையே நான் விரும்புவேன், நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று எரியும். தெர்மோகோல் உருகும், எரியவும் செய்யும். அதனால் பல்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பின்னால் தகரம் ஒன்றை நிறுத்துங்கள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று சுற்றினால் சூடு ஒரே மூலையில் தங்காது. அப்புறம் சென்சார் காட்டும் சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானாகவே போட்டு அணைக்கும் எஸ்டிசி-1000 மாதிரி ஒரு கன்ட்ரோலர், 28 டிகிரியில்.

பலரும் சறுக்குவது சென்சாரில்தான். அதைக் காற்றில் தொங்கவிட்டால் காற்று சட்டென்று 28ஐத் தொடும், பல்பு அணையும், ஆனால் உள்ளே கனமான அலுமினிய அச்சு இன்னும் 12லேயே கிடக்கும். டிஸ்ப்ளேயைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு நாம் தூங்கப் போய்விடுவோம். சென்சாரைப் பொருளின் அடிப்பக்கம், பல்பு வெளிச்சம் நேராகப் படாத இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். இப்போது எதிர்ப்பிரச்சினை வரும்: அச்சு சூடாகும்வரை பல்பு எரிந்துகொண்டே இருப்பதால் காற்று எகிறும். காற்றுக்குத் தனியாக ஒரு வெப்பமானி வைத்து, 45ஐத் தாண்டினால் ஒரு பல்பைக் கழற்றிவிடுங்கள். எபாக்ஸி ஊற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே காலி அச்சைப் பெட்டியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

மரமாக இருந்தால் முதலில் சூடாக்கி, அது ஆறத் தொடங்கும்போது ஊற்றுங்கள். ஊற்றியபின் சூடேறினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும்.

ரெசின் பாட்டிலில் வெள்ளைத் துகள் தெரிந்தால் கெட்டுப்போனதாகத் தூக்கிப் போடாதீர்கள், குளிரில் உறைந்திருக்கிறது. மூடியை இறுக்கி, 50 டிகிரி வெந்நீரில் தெளியும்வரை வையுங்கள். ஆறியபின் ஹார்டனரோடு கலக்குங்கள், சூடாகக் கலந்தால் கப்பிலேயே கட்டியாகிவிடும்.

பின்சேர்ப்பு: பல்புக்குப் பதில் கேஸ் ஹீட்டர் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தீ ஆபத்து ஒருபுறம், எரியும் கேஸ் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் கக்கும், இரண்டும் ஹார்டனரோடு சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். ஏற்கெனவே கட்டிவிட்டதென்றால், எபாக்ஸி இறுகியபின் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் அதற்கு அப்புறம்தான், முன்னாலேயே தேய்த்தால் படலம் இன்னும் உள்ளே அப்பிக்கொள்ளும்.